நாலாம் கதிரையின் அபிப்பிராயம்

செவ்வாய், வியாழன், சனி. பன்னிரண்டு மணிக்கு அன்புவழிபுரத்திலிருந்து ஓட்டோவில் வந்து, துறைமுகத்தைப் பார்த்த பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் படிகளில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, டயாலிசிஸ் வாட்டுக்குள் நுழைவேன். முதலில் தராசு. பிறகு சாய்ந்திருக்கும் கதிரை. என்னுடையது ஐந்தாம் கதிரை. மூன்று வருடமாக இதுதான்.

முப்பது வருடம் படகு எஞ்சின்கள் திருத்தியவன் நான். மெசின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் எதையும் சொல்ல முடியாது. கையில் இரண்டு ஊசிகள். ஒன்றால் இரத்தம் வெளியே போகும். வடிகட்டிக்குள் சுற்றி மற்றதால் திரும்பி வரும். உடம்பில் சேர்ந்த தண்ணீரையும் அந்த வடிகட்டிதான் எடுக்கிறது. அதற்கு நான்கு மணித்தியாலம் வேண்டும். மூன்றில் கழற்றினால் மிச்சத் தண்ணீர் முதலில் காலில் தங்கும், பிறகு நெஞ்சில்.

இவ்வளவும் தெரிந்தும், தை மாதத்திலிருந்து நான் மூன்று மணித்தியாலத்தில் கழற்றச் சொல்லிவிடுவேன். களைத்துவிட்டது. குறைத்துக் குறைத்து, ஒருநாள் வராமலே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

நாலாம் கதிரையில் இருந்த, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எல்சி ரீச்சருக்கு மட்டும் அது தெரியும்.

"கடைசி அத்தியாயத்துக்கு முன்னம் எழும்பிப் போற ஆள் நீங்கள்" என்பார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாட்டில் ஒரு புத்தகப் பெட்டி இருக்கிறது. எல்லாம் மர்மக் கதைகள். வேறு எதையும் நான்கு மணித்தியாலம் பிடித்துக்கொண்டிருக்க முடிவதில்லை. வாசித்து முடித்தவர் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் தன் அபிப்பிராயத்தையும், கொலையாளியைப் பிடித்த பக்க எண்ணையும் எழுதவேண்டும். கொலையாளியின் பெயரை எழுதக்கூடாது. ஒருவர் பாதியில் இறந்துபோனால், பக்கத்துக் கதிரைக்காரர் மிச்சத்தை வாசித்து அவருக்காக எழுதவேண்டும். எங்கள் வாட்டில் அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது.

ரீச்சரின் அபிப்பிராயங்கள் சுருக்கமானவை. "விருந்தில் ஒருவன் மட்டும் சீனி வேண்டாமென்றான். பக்கம் 41." நான் கொஞ்சம் நீட்டுவேன். கலங்கரை விளக்கக் கதை ஒன்றில் ஜெனரேட்டர் நின்றதும் விளக்கு அணைந்து, இருட்டில் கொலை நடக்கும். அப்படி அணையாது, பற்றரி இருக்கும் என்று முக்கால் பக்கம் விளக்கியிருந்தேன். எதிர்க் கதிரைக்குக் கிண்ணியாவிலிருந்து வரும் மைமூனா ராத்தா அதை வாசித்துவிட்டு, "லெஸ்லி, செத்தவன விட்டுட்டு லைட்ட திருத்திட்டு இருக்கீங்க" என்றார்.

ரீச்சர் வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இறந்தார். மலைநாட்டு விடுதியொன்றில் நடக்கும் கதை பாதியில் நின்றது. 168ஆம் பக்கத்தில் அவர் அடையாளத்துக்கு வைத்த நூல்துண்டு இருந்தது. இன்னும் எழுபது பக்கங்கள்.

நான் வாசிக்கவில்லை. மூன்று மணித்தியாலத்தில் எழும்புகிறவனுக்கு எழுபது பக்கம் பெரிய சுமை. கடைசிப் பக்கத்தைத் திறந்து, "நல்ல கதை. பக்கம் 90இல் பிடித்தேன். எல்சி ரீச்சருக்காக, லெஸ்லி" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த செவ்வாய் பெட்டியைத் திறந்தபோது அந்தப் புத்தகம் மேலே இருந்தது. என் வரி ஒரு கோட்டால் வெட்டப்பட்டிருந்தது. கீழே, வகுப்பறையில் பிழை திருத்தும் நிதானமான எழுத்தில்:

"90இல் கொலையே நடக்கவில்லை."

புரட்டிப் பார்த்தேன். கொலை நடப்பது 112ஆம் பக்கத்தில்.

"ராத்தா, இதில எழுதினது நீங்களோ?"

"கண் ஒப்பரேசன் செய்து ரெண்டு கிழமையாகுது. எனக்கு உங்கட முகமே புகையாத் தெரியுது. அதுவும் நல்லதுக்குத்தான்."

பெட்டி இரவில் அலுமாரிக்குள் பூட்டப்படும். சாவி ஆண் தாதி நுஸ்கியிடம். அவர் பென்சிலே பாவிப்பதில்லை.

நான் புத்தகத்தை மூடினேன்.

நாலாம் மெசின் அலறியது.

இதையும் விளங்கப்படுத்த வேண்டும். ஊசி ஏறிய கையை மடித்தால் குழாயில் இரத்தம் தடைப்படும்; அழுத்தம் மாறும்; மெசின் சத்தமிடும். ரீச்சர் பரபரப்பான இடங்களில் தன்னை மறந்து அந்தக் கையால் பக்கம் புரட்டுவார். அதனால் நாலாம் மெசின் அடித்தால் கதை சூடுபிடித்துவிட்டது என்று வாட்டுக்கே தெரியும்.

இப்போது அந்தக் கதிரையில் இருப்பவர் புதிதாக வந்த றம்ஸான் காக்கா. வந்ததிலிருந்து உறக்கம். கை ஒரு பலகையில் நேராகக் கட்டப்பட்டிருந்தது.

நுஸ்கி வந்து குழாயைத் தடவிப் பார்த்தார். "லைன் மடங்கல்ல, அங்கிள். ஏன் அடிக்குது எண்டு விளங்கல்ல."

நான் புத்தகத்தைத் திறந்தேன். சத்தம் நின்றது.

மூடினேன். அடித்தது.

ஒரு பழுதை உறுதிப்படுத்த மூன்று தடவை செய்து பார்ப்பது என் தொழில் பழக்கம். மூன்றாவது தடவை செய்யக் கை வரவில்லை. மருந்துத் தண்ணீரின் வினாகிரி வாசனைக்குள், பென்சில் சீவிய மரத்தூளின் வாசனை வந்தது. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கப்பலொன்று நீளமாக ஊதியது.

168ஆம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்று மணித்தியாலம் முடிந்ததும் நுஸ்கி வந்தார். "கழட்டவா, அங்கிள்?"

பதில் சொல்வதற்காகப் புத்தகத்தைத் தாழ்த்தினேன். பக்கத்தில் மெசின் ஒரு முறை, மெதுவாக, அடித்தது.

"வேண்டாம், தம்பி. இருக்கிறன்."

செவ்வாய், வியாழன், சனி. மூன்று நாளும் நான்கு மணித்தியாலம் முழுதாக இருந்தேன். கால் வீக்கம் வடிந்தது. படிகளில் ஒரு தடவைதான் நின்றேன். ஆனால் களைப்பு போகவில்லை. அது தண்ணீரால் வந்ததல்ல.

சனிக்கிழமை, நாலாவது மணித்தியாலம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், கடைசி வரியை வாசித்தேன். பென்சிலை எடுத்து எழுதினேன்: "பக்கம் 203இல் பிடித்தேன். பாலம் உடையும் விதம் பிழை. அழுகிற இடம் சரி. எல்சி ரீச்சருக்காக, லெஸ்லி. முழுதும் வாசித்தேன்."

புத்தகத்தை மூடினேன்.

நாலாம் மெசின் அமைதியாக ஓடியது.

"முடிஞ்சுது, ரீச்சர்" என்றேன், உதடு அசையாமல். "இனி என்னை விடுங்கோ. செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டன்."

ஒன்றும் நடக்கவில்லை. றம்ஸான் காக்கா குறட்டை விட்டார்.

நுஸ்கி ஊசிகளைக் கழற்றிப் பஞ்சு வைத்து ஒட்டினார். எவ்வளவு தண்ணீர் போனது என்று பார்க்க, வெளியேறும்போதும் நிறுக்கவேண்டும். எங்கள் வாட்டில் ஒருவரின் எடை மற்றவருக்கு இரகசியமல்ல. தாதி சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார். நான் அறுபத்திரண்டு கிலோ. மைமூனா ராத்தா எழுபது. நான் தராசில் ஏறினேன்.

நுஸ்கி எண்ணைச் சொல்லவில்லை.

"இறங்கி ஏறுங்க, அங்கிள்."

இறங்கி ஏறினேன். அவர் என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தார். அவருடைய எடை சரியாக இருந்தது. மறுபடி என்னை ஏறச் சொன்னார்.

நூற்றிமூன்றரை.

"உடுப்பு ஏதும் தராசில சிக்கியிருக்கோ?" என்று மைமூனா ராத்தா கதிரையிலிருந்து கேட்டார். "எவ்வளவு காட்டுது, தம்பி?"

நுஸ்கி எடை எழுதும் அட்டையை எடுத்தார். பழைய தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நூற்றிமூன்றரையிலிருந்து என் அறுபத்திரண்டை நான் முன்னமே கழித்துவிட்டேன். ரீச்சரைக் கடைசியாக நிறுத்துப் பார்த்த சனிக்கிழமை, நாற்பத்தொன்றரை என்று நுஸ்கி சொன்னது என் காதில் விழுந்தது.

தராசிலிருந்து இறங்கி, ஓட்டோ நிற்கும் இடத்துக்குப் படிகளில் நடந்தேன். என் கால்களுக்குப் பாரம் ஒன்றும் தெரியவில்லை.