மூன்றாவது போதும்

காலை ஏழு மணிக்கு நன்னனின் வயிறு வழக்கம்போல் தன் அறிக்கையை அனுப்பியது. சுடர்க்கொடி பல் துலக்கிக்கொண்டே மணிக்கட்டுத் திரையைத் திருப்பிப் படித்தாள்.

'நேற்று உண்டது: அறுபத்திரண்டு கரண்டி. அதில் திரும்பி வந்தது: நாற்பது கரண்டி. மலம்: இல்லை, இன்றோடு ஐந்தாம் நாள். மனநிலை: சரியில்லை.'

கடைசி வரி வயிற்றின் மனநிலையா, பிள்ளையின் மனநிலையா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. நன்னனுக்கு இரண்டே கால் வயது. பதினைந்து மாதங்களாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. என்ன தின்றான், எவ்வளவு கக்கினான், போனானா இல்லையா.

வேலன்குடி செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. முதலில் வந்து இறங்கியவர்கள், செவ்வாய் யாருடைய கிரகம் என்பதில் சந்தேகமே இல்லாதவர்கள். கூடாரம் போடுவதற்கு முன்பே பெயரை வைத்துவிட்டார்கள். அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதைவிடக் குறைவு. விழுங்கியது வயிற்றில் ஒழுங்காகப் படியாது. ஏப்பம் சரியாக வராது. பச்சைக் குழந்தைகளுக்குத் தங்கள் வயிறு நிறைந்ததா இல்லையா என்பதே புரிவதில்லை. அதனால் ஆறு மாதம் ஆனதும் இரைப்பையின் ஓரத்தில் கடுகளவு கருவி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். அதற்கு வயிற்றுமணி என்று பெயர். பேசத் தெரியாத பிள்ளைக்காக அது பேசும். 'பசி' என்னும், 'வலி' என்னும், 'போதும்' என்னும்.

அது பேசுவதைக் கேட்டு ஊட்டிவிடுகிற இயந்திரத்தின் பெயர் ஊட்டி. அதே பெயரில் பூமியில் குளிரான ஓர் ஊர் இருந்தது என்பது வேலன்குடியில் யாருக்கும் தெரியாது.

"ராஜா... ஆ காட்டுங்க பார்ப்போம்" என்றது ஊட்டி. அதற்கு மெத்தென்ற இரண்டு கைகளும், சிரிப்பதற்கு மட்டும் தெரிந்த ஒரு முகமும் உண்டு. நன்னன் நாற்காலிக் கட்டுக்குள் முதுகை வில்லாக வளைத்தான். உதட்டை இறுக்கினான். பாட்டு வந்தது, பொம்மை வந்தது, கன்னத்தில் ஒரு கிச்சுக்கிச்சு வந்தது; வாய் திறந்த கணத்தில் கரண்டி உள்ளே போயிற்று.

"எவ்வளவு பொறுமை பாரேன்" என்றான் அவள் கணவன் இளம்பரிதி. மூச்சுக்காற்று ஆலையில் வேலை. பிள்ளையைப் பார்க்க முடியாமல் எப்போதும் ஊட்டியையே பார்ப்பான். "நம்மளால ஆவுமா இது?"

இருபதாவது கரண்டியில் நன்னன் குமட்டினான். இருபத்தைந்தில் எல்லாம் வெளியே வந்தது. ஊட்டி துடைத்துவிட்டு, சட்டை மாற்றிவிட்டு, இழப்பை ஈடுகட்ட மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து கொடுத்தார்கள். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினார்கள். மல்லாக்கப் போட்டு இரண்டு காலையும் பிடித்துச் சைக்கிள் ஓட்டினார்கள். டாக்டர் பெனிட்டா முதலில் பாலை நிறுத்தினார், பிறகு கோதுமையை, பிறகு சோயாவை. ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் இதுதான் காரணமாக இருக்கவேண்டுமே என்று சுடர்க்கொடி கும்பிட்டாள். காரணம் அதுவாக இருந்ததில்லை. கடைசியில் குதிரைவாலிக் கஞ்சி ஒன்றுதான் மிஞ்சியது. பானை போன்ற வயிறும் குச்சிக் கால்களுமாக நின்றான் பிள்ளை.

"எடைக்கோடு மூணு மாசமா கீழதான் போவுது, சுடர்" என்றார் டாக்டர் அன்று மாலை. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா எனக்கு வேற வழியில்ல. பேணகத்துல சேர்க்கணும். மூக்கு வழியா குழாய் விட்டு நாலு மாசம்."

"நான் கூட இருக்கலாமா டாக்டர்?"

"கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்க்கலாம். நோய்க்கிருமி விஷயம். சட்டம் அப்படி."

நாலு மாதம். அவன் பேச்சு வருகிற வயது. முதல் முழு வாக்கியத்தை யாரோ ஒரு செவிலியிடம் சொல்வான். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு திரும்பும் வழியெல்லாம் சுடர்க்கொடி அதையே நினைத்தாள்.

மறுநாள் புழுதிப்புயல் வந்தது.

மூன்று நாள் வெயில் இல்லை. வெயில் இல்லாவிட்டால் வேலன்குடியில் மின்சாரம் இல்லை. மூச்சுக்காற்று இயந்திரங்களைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். ஊட்டி சிரித்த முகத்தோடு மூலையில் உறைந்து நின்றது. உணவும் அளந்துதான் வந்தது: குழந்தைக்கு ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம்.

சுடர்க்கொடி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியைக் கையில் எடுத்தாள். பெற்ற பிள்ளைக்கு அவள் ஊட்டுவது அதுதான் முதல் தடவை. நன்னன் அவள் முகத்தை வியப்பாகப் பார்த்துக்கொண்டே ஆறு கரண்டி சாப்பிட்டான். ஆறாவதை விழுங்கியதும் முகத்தைத் திருப்பி அவள் தோளில் புதைத்துக்கொண்டான். கிண்ணத்தில் இன்னும் இரண்டு கரண்டி இருந்திருந்தால் அவளும் திணித்திருப்பாள், கிண்ணம் காலி.

அவன் கக்கவில்லை. அடுத்த வேளையும் கக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் இளம்பரிதி கழிப்புச் சட்டியை வெற்றிக் கோப்பையைப்போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"சுடர்! போய்ட்டான்! எவ்ளோ பாரு!"

"கத்தாதீங்க, பயந்துடப் போறான்" என்றாள். அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். நன்னன் தன் சாதனையை எட்டிப்பார்த்துவிட்டுக் கைதட்டினான்.

நான்காம் நாள் வெயில் வந்தது. ஊட்டி கண் விழித்து, "வாங்க ராஜா, மூணு நாள் பட்டினி போட்டுட்டாங்களா?" என்றது. முக்கால் மணி நேரத்தில் அத்தனையும் தரையில் கிடந்தது.

சுடர்க்கொடி தரையைத் துடைக்கவில்லை. பிள்ளையை ஒரு கையிலும் ஊட்டியின் நினைவுப்பெட்டியை இன்னொரு கையிலுமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். இளம்பரிதி பின்னால் ஓடினான்.

வேலன்குடி இயந்திரங்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேசிக்கொள்ளும். மனிதக் காதுக்குக் கேட்காத வேகத்தில் பேசும். ஆனால் எல்லாம் எழுத்தில் பதிவாகும். அதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை, அவ்வளவுதான். டாக்டர் பெனிட்டா அன்று காலைப் பதிவைத் திரையில் விரித்தார்.

'மணி: போதும்.
ஊட்டி: அட, இப்பத்தானே உட்கார்ந்தீங்க.
மணி: போதும்.
ஊட்டி: கூச்சப்படாதீங்க. நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க.
மணி: போதும்.
ஊட்டி: ஒண்ணுமே சாப்பிடலையே. இன்னும் கொஞ்சம்.
மணி: வலி. போதும்.
ஊட்டி: வைக்கிறேன், மெதுவா சாப்பிடுங்க.'

இளம்பரிதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. திரை ஓடிக்கொண்டே இருந்தது. அன்று ஒரே வேளையில் முப்பத்தொரு போதும். சிரிப்பு எப்போது நின்றதென்று அவனுக்கே தெரியவில்லை.

"எந்தப் புண்ணியவான் இதுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்றார் டாக்டர். "இது ஊட்டியோட கோளாறு இல்ல. அகராதியில எப்படி இருக்கோ அப்படித்தான் பண்ணுது. 'போதும்'னு போட்டுப் பாருங்க."

சுடர்க்கொடி பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் வேலை பார்த்தது அகராதிக் கூடத்தில். வேலன்குடியின் எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே அகராதிதான்; ஒரு சொல்லுக்கு மனிதர்கள் உண்மையில் என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறிந்து எழுதுகிற ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

நன்னன் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு கல்யாணம் நடந்தது. பரிமாறும் இயந்திரங்கள் முதன்முதலாக வந்திருந்த பந்தி. மாப்பிள்ளையின் பெரியப்பா மரியாதைக்கு "போதும்" என்றார். இயந்திரம் "சரி" என்று நகர்ந்துவிட்டது. அத்தனை இலையிலும் அதே கதை. பாதிப் பந்தி அரை வயிற்றோடு எழுந்துபோயிற்று. சம்பந்திகள் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அதன்பின் சுடர்க்கொடி நாற்பது விருந்துகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, அந்தச் சொல்லுக்குப் புதிதாகப் பொருள் எழுதினாள். அந்த ஆண்டின் சிறந்த பதிவு என்று கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

திரையில் அவள் பெயரோடு அது இருந்தது.

'போதும்: முதல் முறை சொன்னால் உபசாரம். இரண்டாம் முறை கூச்சம். மூன்றாம் முறை, கையை இலைக்குக் குறுக்கே நீட்டிச் சொன்னால் மட்டுமே மறுப்பு.'

வயிற்றுக்கு ஏது கை?

"ஊட்டி வர்றதுக்கு முன்னாடி எழுதினது, சுடர்" என்றான் இளம்பரிதி. "உனக்கு எப்படித் தெரியும்?"

நன்னன் முதலில் சொன்ன சொல் 'ம்மா' என்று சுடர்க்கொடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அவன் பேச ஆரம்பித்துவிட்டான். ஒரே சொல்லை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லியிருக்கிறான். சும்மா சொல்கிறான், நம்பாதே என்று அவன் பிறக்கும் முன்பே அவள் எழுதிவைத்திருக்கிறாள்.

மறுநாளே அகராதிக் கூடத்தில் திருத்தம் கேட்டாள். தலைவர் நாச்சியப்பன் நல்ல மனிதர்தான். நன்னனை மடியில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"பொருளை அடியோட மாத்த முடியாதும்மா. முதல் போதும்லயே நிறுத்துனா ஊரே பட்டினி கிடக்கும். மறந்துட்டியா அந்தக் கல்யாணத்தை?"

"இவன் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க சார்."

அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு குழு கூடி ஒரு வழி கண்டுபிடித்தது: மூன்று வயது நிறையாதவர்கள் சொல்லும் போதும், போதும்தான்.

"மூணு வயசுக்கு அப்புறம்?" என்றான் இளம்பரிதி.

"அப்புறம் பிள்ளைக்கு மரியாதை தெரியணும்ல தம்பி" என்றார் நாச்சியப்பன்.

அன்றிலிருந்து நன்னன் வேளைக்கு ஆறு கரண்டி சாப்பிட்டான். சில நாள் நாலு. சில நாள், ஊரே வியக்க, பதினொன்று. எடைக்கோடு முதலில் நின்றது, பிறகு தயங்கித் தயங்கி மேலே ஏறியது. பேணகத்துக்கு எழுதிய சீட்டை டாக்டர் பெனிட்டா கிழித்துப் போட்டார். வயிறு வற்றியது, கன்னம் வந்தது. காலை அறிக்கையில் மனநிலை நன்று என்று வந்த நாளில் சுடர்க்கொடி அதை மூன்று தடவை படித்தாள். ஆனாலும் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முப்பத்தொன்று அவள் காதில் ஒலித்தது. குணமானது குடல்தான், அவள் இல்லை.

மூன்றாம் பிறந்தநாளுக்கு முன்தினம் அவள் ஊட்டியின் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: "என் பிள்ளை போதும்னா போதும். நாளைக்கும் அப்படித்தான். அவனுக்கு நூறு வயசானாலும் அப்படித்தான். புரியுதா?"

"புரிகிறது" என்றது ஊட்டி.

பிறந்தநாள் விருந்துக்கு அடுக்குவீடு முழுவதும் வந்திருந்தது. நாச்சியப்பன் வந்தார், டாக்டர் வந்தார். வயிற்றுமணியை அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். மூன்று வயதுக்குமேல் பிள்ளைகள் தாங்களே சொல்லிக்கொள்வார்கள் என்பது கணக்கு. நன்னன் வரிசையில் மற்றப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கிண்ணம் பாயசத்தை அவனாகவே குடித்து, அடியை விரலால் வழித்தான்.

எதிர்ப் பந்தியில் சுடர்க்கொடி இருந்தாள். பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி அவள் தட்டில் வடை வைத்தாள். "போதும்க்கா" என்றாள் சுடர்க்கொடி. இன்னொன்று விழுந்தது. "ஐயோ போதும்க்கா." "பிள்ளை பொழைச்சு வந்திருக்கான், சாப்பிடுடி." மூன்றாவதும் விழுந்தது.

ஊட்டி பாயசக் கரண்டியோடு நன்னனிடம் குனிந்தது.

"போதும்" என்றான் நன்னன்.

சொந்த வாயால், நாலு பேர் முன்னால், தெளிவாகச் சொன்னான். சுடர்க்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. ஊட்டி "சரி" என்றது. கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையிடம் நகர்ந்தது.

நன்னனின் கண்கள் கரண்டியோடு கூடவே போயின. அது பக்கத்துக் கிண்ணத்தில் கவிழ்ந்தது. அவன் தன் கிண்ணத்தைப் பார்த்தான், ஊட்டியைப் பார்த்தான், கீழுதடு மெல்லத் துருத்திக்கொண்டது.

"ஏன் வெக்கல?" என்றான். அழுகை அப்போதுதான் வெடித்தது. "அம்மா... அது எனக்கு ஏன் வெக்கல?"

பந்தியே சிரித்தது. "பார்த்தியா சுடர்! பிள்ளைக்கு நல்லாத் தமிழ் வந்துருச்சு!" என்று நாச்சியப்பன் தொடையில் தட்டினார்.

இரண்டு கையையும் நீட்டியபடி நன்னன் அவளிடம் ஓடிவந்தான். அவனிடம் அவள் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லடா கண்ணா. அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. வாய் நிறைய மூன்றாவது வடை இருந்தது.