மூன்று மார்க் படம்

காலை பத்தரை மணிக்குக் கண்காட்சி அறையைத் திறந்த அரங்கப் பொறுப்பாளர், கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில் வெறும் சட்டம் தொங்கியது. உள்ளே இருந்த ஓவியத்தைக் காணோம்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி மூன்றே பேரிடம்தான்: பொறுப்பாளர், அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் படங்களுக்கான விழாவின் நடுவர்கள் இருவர். அதில் ஒருவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். சொந்தக்காரர் மாட்டியிருக்கும் கேஸ் வேண்டாமென்று மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "வேற ஆள் இல்லம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் 'மூணு மார்க்'. எந்த அனிமேவுக்கும் பத்துக்கு மூன்றைத் தாண்டி அவர் போட்டதாகச் சரித்திரம் இல்லை. இன்னொரு நடுவர் ஓர் இளம் விமர்சகி. பார்த்த படத்துக்கெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு முழு மார்க் வாரி வழங்குவாள். அவளுக்குப் பெயரே 'பத்து'.

தாயை இழந்த ஒரு சிறுமியின் கதைக்காக முந்தின நாள் இருவரும் மல்லுக்கு நின்றிருந்தார்கள். அவள் பத்து, இவர் மூன்று. அந்தப் படத்துக்காகக் கையால் வரைந்த இரண்டு மூல ஓவியங்கள்தான் அந்தச் சுவரில் இருந்தன. ஒன்றில் சிறுமி மழையில் நின்று அழுகிறாள். மற்றதில் ஆளே இல்லை. ஒரு சமையலறை மேஜை, அதன்மேல் கவிழ்த்து வைத்த கோப்பை. போனது கோப்பை ஓவியம்.

"ஆள் இருக்கற ஓவியத்துக்குத்தாங்க விலை. இதைச் சும்மா கொடுத்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்றார் பொறுப்பாளர். நேற்று மாலை அறையை நடுவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டுத் தங்கை கல்யாணத்துக்குப் போனவர், பட்டு வேட்டியோடு நேரே வந்திருந்தார். கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் விடிய விடிய அவர்தான் குறுக்கே நின்றார். அவரை விட்டுவிடலாம்.

பத்து அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். 'அந்தப் படத்துலேர்ந்து ஒண்ணைத் திருடியாவது வீட்டுக்குக் கொண்டு போகணும்' என்று நேற்று அவள் விளையாட்டாகச் சொன்னது இப்போது கழுத்தைச் சுற்றியது. நடுவர் குழுவிலிருந்து அதற்குள் தூக்கிவிட்டார்கள். வேலைக்கே வர வேண்டாமென்று பத்திரிகை ஆபீசிலிருந்தும் போன் வந்துவிட்டது.

"நேத்து சாயங்காலம் உள்ள போனியா?"

"போனேன் மேடம். மழை ஓவியத்தைப் பார்க்கத்தான்."

"காணாம போனது?"

"அது எந்த சீன்னே தெரியலை. படத்துல வரவே இல்லையே."

"முழுசா பார்த்தியா?"

"முடிவுப் பாட்டு வர்ற வரைக்கும் பார்த்தேன். பாட்டை எப்பவும் தள்ளிடுவேன் மேடம். அனிமே பார்க்கறவங்க பாதிப்பேர் அப்படித்தான்."

அடுத்த அறையில் அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தோல் பை.

"ரசனைக்கு ஒரு ஒழுங்கு வேணும். பிடிச்சதுக்கெல்லாம் பத்து போடறவளுக்குப் பிடிச்சதை எடுத்துக்கவும் கை வரும்."

"நீ முழுசா பார்த்தியாண்ணா?"

"கடைசி எழுத்து ஓடி முடியாம நான் எழுந்ததே கிடையாது. அது தொழில். கதையில ஓட்டை, அசைவுல தடுமாற்றம். மூணே ஜாஸ்தி."

மத்தியானம் இன்ஸ்பெக்டர் தனியாக உட்கார்ந்து படத்தைப் போட்டாள். முடிவுப் பாட்டும் பெயர்களும் ஓடித் தீர்ந்தன. திரை இருண்டு மறுபடி வெளுத்தது. சமையலறை. சிறுமி அம்மாவின் கோப்பையை எடுத்துக் கழுவுகிறாள். அம்மா உட்காரும் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். மேஜையும் கோப்பையும் மட்டும் மிஞ்சுகின்றன.

அவள் படத்தை அங்கேயே நிறுத்தினாள். தங்கள் அம்மா செத்துப்போன வருஷம் தினமும் காலையில் அண்ணன் செய்த காரியம் அது. ஒருநாள் அப்பா பார்த்துவிட்டு அறைந்தார். அன்றோடு அம்மா என்ற பேச்சையே அண்ணன் எடுத்ததில்லை. அழுதும் யாரும் பார்த்ததில்லை.

அவள் அண்ணன் இருந்த அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"பையைத் திற."

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு திறந்தார். இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே, ஒரு மடிப்புக்கூட விழாமல், கோப்பை ஓவியம் இருந்தது.

"பணத்துக்குத் திருடறவன் மழை ஓவியத்தை எடுத்திருப்பான். பத்து எடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பா. பாட்டு முடியற வரைக்கும் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்த சமையலறை தெரியும். இது வேணும்னு தோண, நீயா இருந்தாதான் முடியும்." அவள் மேல்தாளை மூடி வைத்தாள். "விலைக்குக் கேட்டிருக்கலாமேண்ணா."

"மூணு போட்டவன் எந்த மூஞ்சியோட கேக்கறது?"

"அப்போ ஏன் மூணு போட்டே?"

"நான் அழுதுட்டேங்கறதுக்காக அது நல்ல படமாயிடுமா? இன்னிக்குப் போடச் சொன்னாலும் மூணுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் பத்துவின் விசும்பல் தெளிவாகக் கேட்டது. காலையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டேதான் இந்த மனுஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திருட்டைவிட அதுதான் அவளை உலுக்கியது.

"ஜீப்ல ஏறுண்ணா."

அவர் எழுந்தார். மார்க்கைச் சொன்னபோது நடுங்காத குரல் இப்போது உடைந்தது.

"நான்தான் எடுத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கோ. எதுக்குன்னு மட்டும் சொல்லாதே."

"மூணு போட்டவனே திருடினான்னா யாரு நம்புவா? எதுக்குன்னு சொன்னாதான் அந்தப் பொண்ணு மேல விழுந்த பழி போகும்" என்று அவள் அடுத்த அறையின் கதவைத் திறந்தாள்.