மீன் தொட்டிக்கு ஓடிய கரண்ட்

வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தபோதும், சப்-மீட்டருக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பேபி கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். பிற்பகல் மூன்று மணி. பொழிச்சலூரின் புழுக்கத்தில் தெரு அசையாமல் கிடந்தது. மொட்டை மாடிகளை உரசுவதுபோல் ஒரு விமானம் தாழ்ந்து போய், ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின. மின்விசிறி ஓடவில்லை. விளக்கு எரியவில்லை. ஹாலில் இருக்கும் மீன் தொட்டியின் காற்றுப் பம்பைக்கூட நிறுத்தியாயிற்று. பின் எது இழுக்கிறது?

மகள் ஜெசிந்தாவுக்கு மூச்சிரைப்பு. மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை அமைதியாக இருப்பாள் என்று, கணவன் வில்பிரட் ஆறு மாதத்துக்கு முன் வாங்கிவந்த தொட்டி அது. பம்பு ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் போன மாதம் ரீடிங் பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் கேசவன் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா பேபிம்மா, மீனுக்கு ஏசி போட்டுகினு கீறியா? மூணே மூணு மீனு அறுபது யூனிட்டு துன்னுதே!"

அந்தச் சிரிப்பு உறுத்தியதால், ஒரு வாரமாக, ஜெசிந்தா மதியம் தூங்கும் நேரத்தில் பேபி பம்பை நிறுத்திவந்தாள். முதல் நாளே ஓர் அதிசயம். எண்பத்தெட்டாம் வருடம் பிறந்ததிலிருந்து, நாலு வருடமாக, அந்தச் சின்ன நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் அடங்கிப்போயிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பேபி கர்த்தருக்கு நன்றி சொன்னாள். மீன்கள்தான் தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைப் பார்க்கப் பிடிக்காமல் தொட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தாள்.

சக்கரம் சீராகச் சுற்றவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தாள். கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் மீட்டருக்குள்ளிருந்து மெல்லிய விசில். அவளுக்குத் தெரிந்த விசில். எத்தனையோ இரவுகள் முதுகைத் தடவியபடி கேட்டிருந்த விசில்.

காதை மீட்டரின் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். கேசவன்.

"அல்லாத்தையும் ஆஃப் பண்ணியும் ஓடுதா? எங்கியோ லீக்கேஜ் கீது. இரு, ஃபியூஸ் கட்டைய புடுங்கிப் பாத்துர்லாம்."

"வேணாம்ண்ணா."

"ஏன், மீனு கோச்சிக்குமா?"

"கை வைக்காதீங்கண்ணா! உள்ள பாப்பா—"

அவர் சிரித்துக்கொண்டே பீங்கான் கட்டையை உருவினார்.

சக்கரம் நின்றது. விசிலும் நின்றது.

பேபி ஓடினாள். ஹால். படுக்கையறை. உள்ளே பாசி வாடை. பாயில் மல்லாந்து கிடந்தாள் ஜெசிந்தா. இமைக்காத கண்கள். வாய் வட்டமாகத் திறந்தது. மூடியது. திறந்தது. நெஞ்சு அசையவில்லை.

"கட்டையப் போடுங்கண்ணா! போடுங்க!"

வாசலில் 'டக்' என்றது. பேபி ஹாலுக்குப் பாய்ந்து பம்பின் ஸ்விட்சைத் தட்டினாள். பம்பு உறுமியது. துண்டை இழுத்தாள். தொட்டியில் ஒரு குமிழிகூட வரவில்லை.

திரும்பிப் படுக்கையறைக்குள் பார்த்தாள்.

காய்ந்த அறையில், மகளின் உதட்டிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மின்விசிறியைத் தாண்டிக் கூரையை நோக்கி மெதுவாக ஏறியது.

பிறகு இன்னொன்று.