வேலிக்கு அங்கிட்டு

இந்நேரம் வேலி வந்திருக்க வேண்டும்.

பீர் முகைதீன் தார்ப்பாயின் முனையைத் தோளில் சுற்றிக்கொண்டு குனிந்தபடி இழுத்தார். கிடங்குக்கும் கருவேலமுள் வேலிக்கும் நடுவில் ஒரு பீடி குடித்து முடிக்கிற தூரம்தான். அவருடைய மொத்த நிலமே இரண்டு ஏக்கர். வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலிலிருந்து வெந்த மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. காய்ந்த பருத்திமார்க் குச்சிகள் தார்ப்பாய்க்கு அடியில் நொறுங்குகிற சத்தமும், அதன் மேலே சங்கிலிமுத்து மூச்சுக்குத் திணறுகிற சத்தமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்தன.

சங்கிலிமுத்து மல்லாங்கிணற்றில் கூரை வேலை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர். காலையில் கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சீட்டு நைஞ்சு கெடக்கு பாய். குறுக்க பலகை போட்டாத்தான் ஏறலாம்" என்றான்.

சிவகாசி பட்டாசுக் கம்பெனிக்குக் கிடங்கை மறுநாளே வாடகைக்குக் கொடுக்க வேண்டிய அவசரம் பீர் முகைதீனுக்கு. "ஒண்ணும் ஆவாது, ஏறுங்க" என்றார். ஏறினான். அவனுடைய ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சீட்டு உடைந்து கீழே வந்து விழுந்தான்.

உயிர் இருந்தது. வாசலில் காரும் நின்றது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் போன வருஷம் மச்சான் தவுபிக்கின் மில்லில் ஒரு பெயிண்டர் விழுந்து, தவுபிக் கோர்ட்டுக்கு அலைந்தே பாதியாகிப்போனது கண் முன்னால் வந்துவிட்டது. "நம்ம எடத்துக்குள்ள விழுந்தா நம்ம தலையிலதான் விடியும் மச்சான். வேலிக்கு அங்கிட்டுக் கெடந்தா எவன் கேக்கப் போறான்?" என்று சொன்னவன் அவன்தான். அடுத்த மாதம் மகள் மஹ்ரீனுக்கு நிக்காஹ். வழக்கு, ஜெயில் என்று மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆவது? பயம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடும். தார்ப்பாயை விரித்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தார். வேலி, புறப்பட்டபோது எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அவ்வளவு தூரத்திலேயே நின்றது. அதற்கு அப்பால் ரோட்டில் ஒரு வேன் புழுதி கிளப்பிப் போனது. சத்தமே இல்லை. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு இன்னும் கேட்கவில்லை. உச்சிவெயில் உச்சியிலேயே நின்றது.

"பாய்."

"பேசாதீக. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

"இது யாரு எடம் பாய்?"

"வேற ஆளு எடம்" என்றார்.

இழுத்தார். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தால் வேலி இல்லை.

போதும். காருக்கே போய்விடலாம். ஜெயிலானாலும் சரி, இந்த மனிதன் பிழைத்தால் போதும் என்று உண்மையாகவே நினைத்துத் திரும்பினார்.

கிடங்கு இல்லை. கார் இல்லை. ரோடு இல்லை. கண் போகிற மட்டும் கரிசல். பக்கத்து நிலத்துக்காரனுடைய வரப்பை ராத்திரியோடு ராத்திரியாக அரையடி தள்ளி வைத்த மனிதர், வரப்பே இல்லாத நிலத்தில் நின்றார். அழுகை வந்தது. வாய்விட்டு அழுதார்.

"யா அல்லாஹ்! இவர ஆஸ்பத்திரியில சேத்துப்புடுறேன். வழிய மட்டும் காட்டு."

"இது யாரு எடம் பாய்?"

"என் எடந்தான்யா! என் எடந்தான்! நான்தான் ஏறச் சொன்னேன்!"

பின்னால் வந்த மூச்சுச் சத்தம் நின்றுபோனது. பிறகு, வலியே இல்லாத குரலில், கூலிக்கு வந்தவனை ஏவுவது மாதிரி:

"அப்ப இழுங்க."

விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. உட்காரப் பார்த்தார். கால்கள் நடந்தன.

எதிரே, அவர் இன்னும் மிதிக்காத மண்ணில், தார்ப்பாய் இழுபட்ட தடம் ஈரமாகக் கிடந்தது. நடுவில் கால்சுவடுகள். அவர் கால்கள் ஒவ்வொன்றாக அவற்றில் போய்ப் பொருந்தின.