காலி லாரியின் பாரம்

அன்று மாலை நாலு மணிக்கு, தம்பின் ரயில் ஸ்டேஷனிலிருந்து திரும்பிய சேதுபதியின் லாரி காஜா பெராங் லாரிக் கொட்டகை வாசலில் வந்து நின்றது. காலி லாரியை எடை மேடையில் ஏற்றிவிட்டு இறங்கினான். வழக்கமான வேலைதான்.

ஊரிலேயே பெரிய லாரிக் கம்பெனி அது. பதினோரு வருடமாக அவன் அங்கே டிரைவர். வெள்ளைக்காரன் இருந்தவரை ரப்பர் ஏற்றினான். ஜப்பான்காரன் வந்தபின் ஆட்களை ஏற்றினான். சயாமில் ரயில் பாதை போடப் பிடித்த தமிழர்கள். கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம் பயணச் சீட்டில் 'சரக்கு நாற்பது' என்று எழுதுவார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள் முப்பத்தொன்பதுதான் இருந்தது.

"ஒரு ஆள் குறையுது சேது. ஜப்பான்காரன் டிரைவரையே ஏத்தச் சொல்லிட்டான்" என்றார் கிராணி.

சேதுபதி வீட்டுக்கு ஓடினான். மனைவி பாக்கியலட்சுமியின் அண்ணன் தியாகு அங்கே இருந்தான். "மூட்டை இறக்கணும் மச்சான், பொழுது சாயறதுக்குள்ள வந்துரலாம்" என்று சொல்லிக் கூட்டி வந்தான். தம்பினில் சிப்பாய்கள் தியாகுவை ரயில் பெட்டிக்குள் தள்ளியபோது, "மாப்ளே, என்னை இறக்கி விடச் சொல்லு!" என்ற அலறல் கேட்டது. சேதுபதி திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் தானாகவே பேர் கொடுத்துவிட்டதாக மனைவியிடம் சொன்னான். அவள் நம்பினாள். அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

"லாரி காலின்னு சொன்னே?" இன்று எடை முள்ளைப் பார்த்துக் கேட்டார் கிராணி. "முள்ளு ரெண்டு டன் அதிகமா காட்டுது."

சேதுபதி பின்னால் போய்ப் பார்த்தான். வெறும் பலகை. ஆனால் சக்கரத்துக்கு மேலே வில் பட்டைகள் முழுப் பாரத்தில் அமுங்கிக் கிடந்தன.

மழையே இல்லாத நாளில் சேற்று வாடை அடித்தது. அதற்குள்ளே அழுகிய புண்ணின் நாற்றம்.

"வழியில யாரையாச்சும் ஏத்துனியா?"

"இல்லீங்க கிராணி."

பலகையின் மேல் யாரோ இருமினார்கள்.

பிறகு இன்னொருவர்.

"இறக்கி விடு, மாப்ளே."

காதோரம், மூச்சுச் சூட்டோடு.

 சேதுபதி கொக்கியை விலக்கிப் பின்பலகையைச் சாய்த்தான். தொப்பென்று ஒரு சத்தம். தரைப் புழுதி மெல்ல எழுந்தது. அடுத்த சத்தம். அதற்கடுத்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் லாரி பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது.

 கிராணி பயணச் சீட்டை எடுத்துக் கிழித்தார்.

சேதுபதி வீட்டைப் பார்த்து ஓடினான். இன்றாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவள் காறித் துப்பினாலும் சரி.

பாக்கியலட்சுமி வாசலிலேயே நின்றாள். ஏழு மாதமாக அவன் பார்க்காத சிரிப்பு.

"அண்ணன் வந்திருச்சுங்க! மூஞ்சியக்கூட காட்டல, நேரா கிணத்தடிக்குப் போயிருச்சு. உடம்பெல்லாம் சேறாம்."

சேதுபதி கொல்லைப் பக்கம் பார்த்தான்.

"கூட வந்தவங்களும் குளிக்கணுமாம். எத்தனை பேருன்னு கேட்டேன். மாப்ளைக்குத் தெரியும்னு சொல்லுச்சு."

கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. தண்ணீர் தரையில் விழும் சத்தம் மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.