மூன்றாவது இழுப்பு

படகிலிருந்து இறங்கியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். தீவு முழுக்கப் பறவை எச்சத்தின் நாற்றம். முப்பது வீடுகள், ஒரு கடை, மற்ற இடமெல்லாம் கடற்பறவைகள். என் தம்பிக்கு மட்டும் அது சந்தன வாசனை. கூடுகளைப் படம் எடுக்கிறேன் என்று இருந்த வேலையை விட்டவன் அவன். அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

தங்கிய வீட்டுக்காரி சோறு போட்டபடியே கேட்டாள். "செங்குத்துப் பாறையில கயித்துல இறங்கப் போறீங்களாமே. மேல யாரு பிடிக்கிறது?"

"உங்க அண்ணன்தான்," என்றான் தம்பி.

கரண்டி அப்படியே நின்றது.

"ஒரு இழுப்புன்னா நிறுத்து. ரெண்டுன்னா தூக்கு. மூணுன்னா, என்னால முடியல, கயித்த அறுத்துட்டு நீயாவது பொழச்சுக்கோன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரர் முட்டை எடுக்க இறங்கினார். மூணு வந்துச்சுன்னு அண்ணன் அறுத்துட்டான். அவர் ரெண்டுதான் இழுத்திருப்பார். பயந்தவன் எண்ணிக்கை எப்பவும் ஒண்ணு கூடும்."

"ஆழம் தெரியாம காலை விடாதேடா," என்றேன். தம்பி சிரித்தான்.

நல்ல வெயிலில்தான் இறங்கினான். பாறை உச்சியில் இரும்பு முளையில் கயிறு கட்டியிருந்தது. நானும் அந்த அண்ணனும் பிடித்துக்கொண்டோம். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். கீழே ஆயிரம் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

சட்டென்று எல்லாம் வாயடைத்தன.

கயிறு வெடுக்கென்று இரண்டு முறை இழுபட்டது.

"தூக்குங்க," என்றேன்.

தூக்கினோம். ஓர் ஆளின் கனமல்ல அது; இரண்டு ஆள் கனம்.

மறுபடி ஓர் இழுப்பு.

"மூணு," என்றார் அவர். முகம் பேயறைந்தது போலிருந்தது. விளிம்புக்குப் போய்க் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து, கத்தியை உருவினார்.

"ஐயோ, ரெண்டுதான்! கடைசியா வந்தது வேற!"

கத்தியை வெறும் கையால் பற்றினேன். உள்ளங்கை எலும்புவரை பிளந்தது. முழங்கையால் என் வாயில் இடித்தார்; பல் உடைந்தது. உடைந்த வாயாலேயே அவர் மணிக்கட்டைக் கடித்தேன். என் தம்பியின் கயிற்றை அறுக்க விடுவேனா? கத்தி தெறித்து என் காலடியில் விழுந்தது.

அவர் கீழே பார்த்தார்.

"மச்சான், வேணாம்..."

சுற்றியிருந்த கயிறு அவரை விளிம்புக்கு அப்பால் இழுத்தது. சுற்று அவிழ்ந்தது. கீழே பாறையில் தலை சிதறியதைப் பார்த்தேன். பறவைகள் அதன்மேல் இறங்கின.

கயிறு லேசாகிவிட்டது.

தம்பி தானாகவே ஏறி வந்தான். வலது காலில் ஷூ இல்லை. கணுக்காலில் ஐந்து விரல்களின் தடம்.

"அக்கா, நான் ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன். நிறுத்துங்கன்னு. யாரோ என் காலைப் பிடிச்சுத் தொங்கினாங்க."

வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. என் கைக்குக் கட்டுப் போட்டாள். பிறகு எழுந்து பாறைக்குப் போனாள்.

சாயங்காலப் படகு அந்தப் பாறைக்குக் கீழாகத்தான் போக வேண்டும். எங்கள் காலடியில், தார்ப்பாயில் சுற்றி, அவள் அண்ணனின் உடல் கிடந்தது. உச்சியில் முளைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கத்தி. அவிழ்க்காத கயிறு வெறுமனே தொங்கியது. நுனியில் யாருமில்லை.

அது விறைத்தது.

ஒன்று.

இரண்டு.

அவள் தூக்கவில்லை. கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்றாவதுக்குக் காத்திருந்தாள்.