மூன்று அண்டாக்களில் கொலை

ட்ரிங்... ட்ரிங்...

போனை எடுத்தார் சப்-இன்ஸ்பெக்டர் இளம்பரிதி. காலை டீயை இன்னும் வாயில்கூட வைக்கவில்லை.

"சார்! சதி சார்! மூணு நாளா உறையல!"

"எது... ரத்தமா?"

"தயிர் சார்!"

பேசியது திருவையாறு தயிர்க்கடை பஞ்சநதம். நாளை ஒரு கல்யாணத்துக்கு அவர் கடைத் தயிர்தான். ஆயிரம் இலை!

சர்க்கரைப் புண் காலோடு நொண்டியபடி போய் எட்டிப் பார்த்தார் இளம்பரிதி. மூன்று அண்டா. நேற்று உறை ஊற்றிய பால்... இன்றும் பாலாகவே இருந்தது!

"இவதான் சார்!" உறை ஊற்றும் பூவம்மாளைக் காட்டினார் பஞ்சநதம். "லீவு கேட்டா, தரல. எதையோ கலந்துட்டா! நேத்தே லேப்புக்குச் சொல்லிட்டேன். இதே பால்தான் இவ வீட்டுக்கும் போகுது. அங்க மட்டும் கத்தியால வெட்டலாம், அப்படி உறையுது!"

"நெசமாம்மா?"

"உறையுதுங்க. உறையாதேன்னு அதைத் திட்டவா முடியும்?"

சிக்கல்தான். எதிர் சாட்சி அவள் வீட்டிலேயே கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது!

"லேப்ல விஷம்னு வந்தா, உங்களை உள்ள வைக்கணும்மா."

"மக ஸ்கூல் நாலு மணிக்கு விடும். அதுக்குள்ள விட்ருங்க."

வாசலில் ஸ்கூட்டி நின்றது. தஞ்சாவூர் லேப் நூர்ஜஹான். நேற்றே வந்து கடையில் உள்ள சகலத்தையும் பஞ்சால் துடைத்து எடுத்துப் போனவள்.

"விஷமே இல்ல சார். ஆனா கொலை நடந்திருக்கு!"

"யாரு செத்தது?"

"பாலைத் தயிராக்குற பாக்டீரியா. கோடிக்கணக்குல! கொன்னது பேஜ்னு ஒரு வைரஸ். உள்ள புகுந்து, நூறு குட்டி போட்டு, உடம்பை வெடிக்க வச்சிட்டு வெளிய வரும்."

பஞ்சநதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ... நான் குடிச்சேனே!"

"மனுஷனை ஒண்ணும் பண்ணாதுங்க. காவேரித் தண்ணி, வயல் சேறு... எங்கயும் இருக்கு. கிருமிங்க கூட்டம் பெருகாம அடக்கி வைக்கிறதே அதுதான். மருந்துக்கு அடங்காத புண்ணைக்கூட இதுல சில வகையை விட்டு ஆத்திப் பாக்குறாங்க."

"என் காலுக்கு இதுல ரெண்டு சொட்டு?"

"இது தயிர் ஸ்பெஷலிஸ்ட் சார். உங்க புண்ணுக்கு வேற ஆளைத் தேடணும்."

"சரி, இவனை உள்ள விட்டது யாரு?"

நூர்ஜஹானின் விரல் நீண்டது... பூவம்மாளைத் தாண்டி... பஞ்சநதத்தின் சட்டைப் பைக்கு!

அங்கே ஒரு வெள்ளிக் கரண்டி!

"பச்சைப் பால்ல வந்திருக்கும். காய்ச்சினா செத்திருக்கும். ஆனா பச்சைப் பால்ல விட்ட அதே கரண்டியை ஆறின பால்லயும் விட்டு தினம் இவர் ருசி பாக்குறார். அதுல ஏறித்தான் அண்டா அண்டாவா ஊர்வலம்! இவங்க வீட்டுக்குக் கரண்டி போகல, அங்க உறையுது!"

"அது ராசிக் கரண்டி சார்!"

"கழுவுவீங்களா?"

"கழுவினா ராசி போயிடுமே... வேட்டியில துடைப்பேன்."

மூன்று பேரும் வேட்டியைப் பார்த்தார்கள்.

பஞ்சநதம் இறங்கி வந்தார். "பூவம்மா... உன் வீட்டு உறை கொஞ்சம்..."

"தரேன் மொதலாளி. அண்டாவைக் கொதிக்கிற தண்ணியில கழுவணும். கல்யாணம் முடிஞ்சதும் மூணு நாள் லீவு. கரண்டி என்கிட்ட!"

கரண்டி கை மாறியது.

இளம்பரிதி தொப்பியை மாட்டினார்.

"கேஸை நான் மூடிக்கிறேன். நீங்க அண்டாவை மூடி வைங்க!"